மங்கிய டிக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரி

வடசென்னை புளியந்தோப்பிலிருந்து ஒரு பெரியவர் போன மாதம் பதினேழு நோட்டுகளைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தார். பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். நாற்பது வருடங்களாக, அன்றைக்குக் கைக்கு வந்த ஏதாவது ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வந்திருக்கிறார். பஸ் டிக்கெட், ரேஷன் ரசீது, மருந்துச் சீட்டு. பின்னி ஆலை மூடப்பட்ட 1996-ஆம் வருட நோட்டில், ஒரு டீக்கடை டோக்கனுக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: "இன்றும் சங்கு ஊதவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுந்தேன்."

அதைப் படித்த பிறகு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. டோக்கனைப் பத்திரப்படுத்த யாராலும் முடியும். இந்த வரி அவர் படைத்தது.

கடைசி நோட்டுகளில்தான் சிக்கல். மெஷின் டிக்கெட்டுகளும் கடை பில்களும் வெறும் வெள்ளைத் தாளாகிக் கிடந்தன. அவற்றில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சுதான் சூடுபட்டுக் கறுத்து எழுத்தாகிறது. வெயில், பசை, பிளாஸ்டிக் உறை என்று எது பட்டாலும் மங்கிவிடும். அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும்.

லேமினேஷனை நினைத்தால் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. தம் அப்பாவின் ஆலை அடையாள அட்டையைப் பாதுகாப்பு என்று நம்பி அவர் அப்படிச் செய்திருந்தார். தாள் கிழியாமல் அந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

நம் பகுதியின் கடற்காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள்: 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும், 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. நனைந்த தாளில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

எதைச் செய்யாவிட்டாலும் எழுதி வையுங்கள். படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எங்கே, எந்த வருடம் என்று. யாரென்றே தெரியாத முகங்கள் என்னிடம் பெட்டி பெட்டியாக வருகின்றன.

"வெள்ளையாகிப் போனதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிடலாமா அம்மா?" என்று கேட்டார் பெரியவர்.

"வேண்டாம் ஐயா" என்றேன். அப்போது விரித்திருந்த பக்கத்தில், எழுத்தே இல்லாத ஒரு டிக்கெட்டுக்கு அருகே நீல மையில் இருந்தது: "பேத்தி ஜன்னலோரம் கேட்டாள். கொடுத்தேன்."