கெளுத்திக் குஞ்சு வாங்குமுன்

எங்கள் பக்கம் ஒரு குத்தகைக்காரரின் குட்டையை அதிகாரிகள் இறைத்து, முக்கால் கிலோவுக்கு வளர்ந்திருந்த கெளுத்தியைக் குழியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் தூவி மூடினார்கள். நஷ்டஈடு கிடையாது. தண்ணீர் இறைத்த என்ஜின் வாடகையும் அவர் தலையில்தான் விழுந்தது. "நாட்டுக் கெளுத்தின்னுதாங்க கொடுத்தான்" என்றார். பில் எங்கே என்று கேட்டார்கள். பில் இல்லை.

அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நைல், நைஜர் ஆறுகளும் சதுப்புகளும் அதன் பூர்வீகம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், காற்றைச் சுவாசிக்கும், ஈரத்தில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும். வெண்ணாற்றில் வெள்ளம் வந்தால் கரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே புகுந்தால் விராலும் நாட்டுக் கெளுத்தியும் அதற்கு இரை. 2000-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. தடை சரிதான். ஆனால் மாட்டுவது குட்டைக்காரர். குஞ்சு வண்டி அதற்குள் அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

"கோழிக் கழிவு போட்டால் போதும், ஆறே மாசத்தில் கிலோ நிற்கும்" என்று ஒருவர் ஆக்சிஜன் பையோடு வாசலுக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். பில்லில் வெறும் 'கெளுத்தி' என்று இருந்தால் போதாது, எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். குஞ்சாக இருக்கும்போது பார்த்துப் பிரிப்பது கஷ்டம். கட்லா, ரோகு, மிர்கால் என்றால் இந்த வம்பே இல்லை.

அப்புறம் மானியம். பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் ஒரு ஹெக்டேர் புதுக் குளத்துக்கு 7 லட்சம் என்று கணக்கு வைத்து, பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதம் தருகிறார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னேற்பு மானியம்: முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். மானிய ஆணை கையில் வருமுன் பொக்லைன் இறக்கினீர்களோ, போச்சு. நிலம் குத்தகை என்றால் பதிவுப் பத்திரம் கேட்பார்கள்; டெல்டாவில் பாதிப் பேர் வாய்வார்த்தையில்தான் உழுகிறார்கள், கோயில் நிலத்தில் குளம் வெட்டவும் முடியாது. தோண்டிய மண்ணை அனுமதி இல்லாமல் வெளியே ஏற்றினால் அது தனி வழக்கு.

முதலில் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், இந்த வருஷம் நிதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நிலத்துக்கான அடங்கல் நகலுக்கு அலையுங்கள். மனு கொடுத்தால் தேதி முத்திரையுடன் நகல் வாங்காமல் படி இறங்காதீர்கள். "சார் கேம்ப் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்பதை மூன்றாம் முறை கேட்கும்போது கையில் இருப்பது அது ஒன்றுதான்.