பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், பிரிந்துபோன அப்பா தரும் படிப்புச் செலவும் முடிந்துவிடுமா?

ஜூலை வந்தால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இந்தக் கேள்வியோடு யாராவது வந்துவிடுவார்கள். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் மஞ்சப்பையை என் மேஜையில் கவிழ்த்தார். அட்மிஷன் ரசீது, ஹாஸ்டல் ரசீது, நகைக்கடன் அட்டை. பீடி சுற்றிச் சுற்றி விரல்நுனி பழுப்பேறியிருந்தது. “அவிய அனுப்புற பணம் ஏப்ரலோட நின்னுபோச்சு, வக்கீலம்மா.” பிரிந்து ஒன்பது வருடம் ஆகியும் கணவர் ‘அவிய’தான்!

ஏப்ரலில் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது. பழைய ஜீவனாம்ச உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ன் கீழ் வாங்கியது (இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ்எஸ், பிரிவு 144). உடல், மனக் குறைபாடு இல்லாத பிள்ளைக்கு அது மைனர் வயதோடு சரி. பலரும் அங்கேயே ஓய்ந்துவிடுகிறார்கள். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பிரிவு 20(3)-ன்படி, சொந்தமாகப் பிழைக்க வழியில்லாத மணமாகாத மகள் பதினெட்டுக்குப் பிறகும் கேட்கலாம். கல்வியும் ஜீவனாம்சத்தில் அடக்கம். உச்ச நீதிமன்றம் 2020-இல் அபிலாஷா வழக்கில் இந்த வழியைத் தெளிவாகவே சொன்னது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும்.

“நான் கையெழுத்துப் போட்டா ஆகாதா?” ஆகாது. மேஜரான மகள்தான் மனுதாரர். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கேஸுக்கு வந்தா அட்டெண்டன்ஸ் போயிருமா மேடம்?” என்றாள்.

மகன் என்றால் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. 2021-இல் ஒரு வழக்கில் முதல் பட்டம் முடியும்வரை மகனுக்குக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதை நம்பி எல்லாரும் சும்மா இருக்க முடியாது. பரஸ்பர விவாகரத்தின்போதே எழுதிக்கொள்ளுங்கள். சீர்வரிசையில் வந்த வெண்கலப் பானைவரை பட்டியல் போடுகிறோம், காலேஜுக்கு அரை வரிகூட எழுதுவதில்லை. எந்தப் படிப்புவரை, யார் எவ்வளவு, ஹாஸ்டலும் பஸ்ஸும் சேர்த்தா என்று இருக்க வேண்டும். ‘இனி எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது அவருடைய உரிமையைப் பற்றியதுதான். பிள்ளையின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது.

அப்புறம், பீடிக் கூலியை மறைக்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருவருமே சொத்து, வருமானம் குறித்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தாய் சம்பாதித்தால் படிப்புச் செலவை வருமானத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். சென்னையில் மளிகைக் கடை நடத்துகிற அப்பா ‘வருமானமே இல்லை’ என்று எழுதும்போது, ஜிஎஸ்டி எண் போட்ட ஒரு கடை பில் நமக்காகப் பேசும். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

சமரச மையத்தில் அந்த அப்பா, “ஃபீஸை நேரா காலேஜுலயே கட்டுதேன், அவ கையில குடுக்க மாட்டேன்” என்றார். சரி என்றோம். ஹாஸ்டல் செலவுக்கு மட்டும் இன்னும் இரண்டு வாய்தா ஆனது.