விண்டோ பீரியட் என்றால் புலப்படாக் காலம்

பெங்களூர் அல்சூரில் எனக்குத் தெரிந்த இன்ஜினியர் தம்பி ஒருவர் இருக்கிறார். தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமானவர். ஒருநாள் மாலை ஏரிக்கரையோரம் நடக்கும்போது தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஆணுறை இல்லாமல் ஒருவரோடு உறவு நடந்திருக்கிறது. அவருக்கு ஹெர்பிஸ் என்ற, உறவில் பரவும் வைரஸ் தொற்று இருப்பது பிறகுதான் இவருக்குத் தெரியவந்திருக்கிறது. பயந்துபோய் எட்டாவது நாளே ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர், “நீங்க விண்டோ பீரியட்லதான் இருக்கீங்க” என்றிருக்கிறார். ரிசல்ட் நெகட்டிவ்.

“நல்லவேளைண்ணா, விண்டோ மூடறதுக்குள்ள போயிட்டேன்” என்றார் தம்பி.

கவுன்ட்டரில் சொன்னதற்கு நேர் எதிராகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் தவறு அவர்மேல் இல்லை. அந்தச் சொல்லே அப்படித்தான் புரிந்துகொள்ளச் சொல்கிறது.

விண்டோ என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியின் ‘விண்ட்அவ்கா’ என்பதிலிருந்து வந்தது. காற்றின் கண் என்று பொருள். நம் பழந்தமிழில் இதற்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது, மானின் கண் போன்ற காற்றுவழி. பலகணி என்பதிலும் கண் இருக்கிறது. இன்று எல்லோரும் சொல்லும் ஜன்னல், போர்த்துக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது. எத்தனையோ கடல் தாண்டிய இரண்டு மொழிகள் சுவரில் விட்ட ஒரு திறப்பைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் ஒன்றாக நினைத்திருப்பதை எப்போது எண்ணினாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆக, ஜன்னல் என்றாலே பார்ப்பதற்கும் காற்று வருவதற்கும் ஆனது. அது திறந்திருக்கும் நேரம் நல்ல நேரம். விண்வெளித் துறையில் ‘லாஞ்ச் விண்டோ’ என்பது இந்தப் பொருளில்தான் வருகிறது. மங்கள்யானுக்கு 2013 அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரை அந்த ஜன்னல் திறந்திருந்தது, நவம்பர் 5-ல் ஏவினார்கள். தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்புக்கு ஏறத்தாழ 26 மாதம் காத்திருக்க வேண்டும். இஸ்ரோவின் தலைமையகம் இருக்கும் ஊரில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியர், விண்டோ என்றதும் ‘அதற்குள் முடித்துவிட வேண்டும்’ என்று நினைத்ததில் வியப்பில்லை.

மருத்துவத்தில் இந்தச் சொல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஹெபடைட்டிஸ் பி நோயில், கிருமியின் மேற்புறப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் அதற்கான எதிர்ப்பான் (ஆன்டிபாடி) தென்படாத சில வாரங்கள் உண்டு. அப்போது இரண்டையும் சோதித்தாலும் இரண்டும் நெகட்டிவ்தான். அந்த இடைவெளியை விண்டோ என்றார்கள். 1985-ல் எச்ஐவிக்கான ரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்த பிறகு சொல் பரவலானது. தொற்று உடலுக்குள் வந்துவிட்டது, சோதனையின் கண்ணுக்கு மட்டும் இன்னும் படவில்லை. அந்த நாட்கள்தான் விண்டோ பீரியட்.

ஹெர்பிஸ் விஷயத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வழக்கமான ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதே இல்லை. உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் ஐஜிஜி எதிர்ப்பானைத்தான் தேடுகிறது. அது உருவாக நாளாகும். சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். பெரும்பாலோருக்கு 12 வாரத்துக்குள் தெரிந்துவிடும். 16 வாரம், அதற்கு மேலும் ஆகலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. எட்டாவது நாள் நெகட்டிவ் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: எட்டு நாளுக்கு முன்பே உடலில் ஹெர்பிஸ் குடியிருந்ததற்கான அடையாளம் இல்லை. அந்த ஓர் இரவைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சாளரக் காலம் என்று எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தை அப்படியே தமிழுக்குள் இறக்கிவிடுகிறது. இடைவெளிக் காலம் என்றால் எதற்கும் எதற்கும் நடுவே என்ற கேள்வி நிற்கிறது. மறைவுக் காலம் எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஹெர்பிஸுக்கு அது ஆகாது என்று பிறகு உணர்ந்தேன்.

ஏனென்றால் இந்த நோயில் கண்ணுக்குத் தெரியாத காலங்கள் மூன்று. தொற்றுக்கும் முதல் கொப்புளத்துக்கும் நடுவில் 2 முதல் 12 நாள். அது நோயரும்பு காலம். எதிர்ப்பான் சோதனைக்குத் தட்டுப்படாத வாரங்கள் இரண்டாவது, அதுதான் நம் விண்டோ. மூன்றாவது, புண் ஆறிய பின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருப்பது. மறைவு, உறக்கம் போன்ற சொற்களை இந்த மூன்றாவதற்கு விட்டுவைக்க வேண்டும். ஆகவே நான் புலப்படாக் காலம் என்கிறேன். புலப்படவில்லை என்பதில் ‘இல்லை’ என்ற தீர்ப்பு கிடையாது. பேச்சில் அவ்வளவு கூட வேண்டாம், ‘டெஸ்டுக்குத் தெரியாத நாட்கள்’ என்றாலே போதும், யாருக்கும் புரியும்.

ஹெர்பிஸை அக்கி என்று மொழிபெயர்ப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரில் குயவர் காவியால் எழுதும் அக்கி பெரும்பாலும் சின்னம்மை வைரஸால் வருவது, கன்னடத்தில் சர்ப்பசுத்து என்பார்கள். நாம் பேசும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் அதே குடும்பத்தின் வேறு வைரஸ். இரண்டையும் அக்கி என்றே எழுதினால், இதைச் சோதிக்க வந்தவர் அதற்கான ரத்தச் சோதனையைக் கேட்டு நிற்பார்.

புலப்படாக் காலம் கடந்துவிட்டால் ரிசல்ட் அப்படியே வேதவாக்கா? இல்லை, இதையும் தம்பியிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகை. டைப் 2-க்கான சோதனையில் ஓர் எண் வரும். வழக்கமாக 1.1-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று அச்சாகும். ஆனால் அந்த எண் 3-க்குக் கீழே இருந்தால் பொய்யான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், வேறு முறையில் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்யாமல் நம்பக் கூடாது. டைப் 1 சோதனைக்குக் குறை வேறு: தொற்று உள்ளவர்கள் பலரை அது தவறவிடும். பாசிட்டிவ் என்றாலும் வாயிலா பிறப்புறுப்பிலா என்று சொல்லாது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு டைப் 1 இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில் ஒட்டிக்கொண்டது. பாசிட்டிவ் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு துணையைச் சந்தேகப்படுவது பெரிய அநியாயம்.

அப்புறம் ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பானுக்கான சோதனை. ‘புதுத் தொற்றை இது காட்டும்’ என்று நம்பிப் பலர் எடுக்கிறார்கள். ஹெர்பிஸில் அந்த நம்பிக்கை தவறு. பழைய தொற்று திரும்பக் கிளம்பும்போதும் ஐஜிஎம் வரும், டைப் 1, 2 வேறுபாடும் அதற்குத் தெரியாது. எடுக்க வேண்டாம் என்பதே சிடிசியின் வழிகாட்டல். அதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கொப்புளமோ புண்ணோ வந்தால் ரத்தத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம். காய்ந்து பொருக்குத் தட்டும் முன், முடிந்தால் ஓரிரு நாளுக்குள், அந்த இடத்திலேயே பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பிசிஆர் செய்யச் சொல்ல வேண்டும். அது வைரஸையே தேடுகிறது, எதிர்ப்பானுக்காகக் காத்திருப்பதில்லை. அரசு மருத்துவமனைகளின் சுரக்ஷா கிளினிக்குகள் பால்வினைத் தொற்றுகளுக்கென்றே இருப்பவை. கூச்சப்படாமல் போகலாம்.

தம்பி போனை எடுத்து அந்தத் தேதியிலிருந்து 12 வாரத்தையும் 16 வாரத்தையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். “அப்போ அந்த ரிப்போர்ட்டை என்ன பண்றதுண்ணா?” என்றார். தேதியோடு பத்திரமாக வைக்கச் சொன்னேன். பின்னால் பாசிட்டிவ் வந்தால், முன்பு இல்லாதது என்று காட்ட அது உதவும். லேப்காரர்கள் தாளின் கீழே ஒரு வரி தமிழில் அச்சடித்தால் நன்றாக இருக்கும்: ‘தொற்று வாய்ப்பு ஏற்பட்டு 16 வாரம் ஆகவில்லை என்றால், நீங்கள் இன்னும் புலப்படாக் காலத்தில் இருக்கலாம், மறுபடி சோதித்துப் பாருங்கள்.’