எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்: அகநோக்கி மீயொலி

மருத்துவர்கள் இதை ‘ஈயூஎஸ்’ என்று சுருக்கிவிடுவார்கள். நோயாளிகளுக்கு இது ‘உள்ளே டியூப் விட்டு எடுக்கிற ஸ்கேன்’. நோயாளிகள் சொல்வதே நல்ல வரையறை. எண்டோஸ்கோப் என்னும் அந்த டியூபின் நுனியில் கேமராவோடு குட்டி அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றும் இருக்கும்.

‘எண்டோன்’ கிரேக்கத்தில் உள்ளே, ‘ஸ்கோபெயின்’ பார்ப்பது. 1806-இல் ஜெர்மானியர் ஃபிலிப் போட்சினி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உடலுக்குள் பார்க்க ஒரு கருவி செய்தார். 1853-இல் பிரான்ஸில் தெசோர்மோ தன் கருவியை எண்டோஸ்கோப் என்றார். தமிழில் உள்நோக்கி, அகநோக்கி இரண்டும் புழங்குகின்றன. ‘உள்நோக்கம்’ என்றாலே நமக்குச் சூது நினைவுக்கு வருவதால் என் ஓட்டு அகநோக்கிக்கு.

அல்ட்ராசவுண்ட் பள்ளிப் பாடநூல்களிலேயே மீயொலி ஆகிவிட்டது. ‘மீ’ என்றால் மேல். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, நம் காதுக்கு எட்டாத ஒலி.

சரி, கேமரா இருக்கும்போது ஒலி எதற்கு? இரைப்பைச் சுவரில் சில கட்டிகள் மேல்படலத்துக்கு அடியில் வளரும். கேமராவில் வழவழப்பான ஒரு மேடு மட்டுமே தெரியும். சாதாரணமாகக் கிள்ளி எடுக்கும் திசுவில் மேல்படலம்தான் வரும். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கோ உள்ளிருக்கும் காற்று தடை. உள்ளேயே போய் மீயொலியை அனுப்பினால் சுவர் ஐந்து அடுக்குகளாகப் பிரிந்து தெரியும். மூன்றாம் அடுக்கில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. அதை அப்படியே விட்டுவிடலாம். நான்காவது தசை அடுக்கு. அங்கே கருமையாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுவது ‘ஜிஸ்ட்’ என்னும், புற்றாக மாறக்கூடிய கட்டியை. அதே கருவி வழியாக ஊசி செலுத்தித் திசு எடுத்து உறுதி செய்வார்கள்.

ஜிஸ்ட் 2 செ.மீ.க்குக் குறைவாக, சந்தேக அடையாளங்கள் இல்லாமல் இருந்தால் பல நேரம் கண்காணிப்பே போதும். பெரிதானால் லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டு, சுவரோடு வெட்டி எடுப்பார்கள். தேர்ந்த கைகள் சிறியவற்றை வாய்வழியாகவே அகற்றி, துளையைக் கிளிப் போட்டு மூடிவிடுவதும் உண்டு. இந்த முறைக்கு ‘அகநோக்கிவழி அகற்றல்’ என்றே சொல்லலாம்; ‘அறுவை’ என்ற சொல்லைச் சேர்த்தால் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று வீட்டார் பதறுவார்கள்.

‘வயிற்றுக் கட்டி’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். வயிறு என்றால் ஈரல், குடல், கருப்பை எல்லாம் அடங்கும். ‘இரைப்பைச் சுவர்க் கட்டி’ என்றால் குழப்பமில்லை.