புது ரேடியேட்டர் போட்ட பிறகு எஞ்சின் ஏன் போகிறது?

பட்டறைக்கு இழுத்து வரப்படும் வண்டிகளில் ஒரு ரகம் உண்டு. பானெட்டைத் தூக்கினால் புத்தம் புது ரேடியேட்டர் பளபளக்கும். ஹோஸ் புதுசு, கிளாம்ப் புதுசு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்கூட நல்ல நிறத்தில் இருக்கும். எஞ்சின் மட்டும் முடிந்துபோயிருக்கும். "நானேதான் மாத்தினேன்ணே, ஒரு சொட்டு ஒழுகலை" என்பார் வண்டிக்காரர். அவர் சொல்வது உண்மைதான். பொருத்திய வேலையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருப்பார், அல்லது மாற்றி முடித்த பிறகு உள்ளே நின்ற காற்றை வெளியேற்றாமல் விட்டிருப்பார்.

வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பெரும்பாலான வண்டிகளில் இது அரை நாள் வேலை. நான்கைந்து போல்ட், இரண்டு ஹோஸ், ஃபேனுக்குப் போகும் ஒரு கனெக்டர். சில வண்டிகளில் முன் பம்பரையே கழற்றியாக வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் நுணுக்கம் ஒன்றுமில்லை. ஹைபிரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கையை வைக்க வேண்டாம். அவற்றில் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தனியாகக் கூலன்ட் ஓடக்கூடும். பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் போகும்.

வண்டி சூடானால் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருவது ரேடியேட்டர் மேல்தான். என் அனுபவத்தில் பல நேரம் அது நிரபராதி. மூடியின் ரப்பர் போயிருக்கும், கூலன்ட் சூடானதும் திறந்து அதை ஓடவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் அடைத்துக்கொண்டிருக்கும், ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே செத்திருக்கும், வாட்டர் பம்பின் சின்னத் துளை வழியாகக் கசிவு ஓடியிருக்கும். ஓடும்போது சரியாக இருந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட் மலிவான சாமான், அதை முதலில் மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தால் அப்போது சந்தேகமே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் பல வருடம் வெந்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஓடவிடும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தாலோ, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தள்ளினாலோ, அது ஹெட் கேஸ்கெட் விவகாரம், அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதற்குக் கீழுள்ள பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்பான் போய்விட்டது. நீங்கள் எத்தனை புது ரேடியேட்டர் போட்டாலும் வண்டி சூடாகத்தான் செய்யும்.

சரி, ரேடியேட்டர்தான் என்று முடிவாகிவிட்டது. இனி மூடியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மோசமான தீக்காயங்கள் அங்கேதான் நடந்தன. மூடியின் மேல் 0.9, 1.1 என்று ஏதாவது ஓர் எண் அச்சாகியிருக்கும். அழுத்தத்தை அளக்கும் அலகு 'பார்'; உள்ளே அத்தனை பார் அழுத்தம் வரை அது அடக்கி வைக்கும் என்று பொருள். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். இப்போது நீங்கள் மூடியைத் திருகுகிறீர்கள். அழுத்தம் ஒரு நொடியில் இறங்குகிறது. 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீருக்கு இனி தண்ணீராக இருக்க வழியில்லை, மொத்தமாகப் பொங்கி நீராவியோடு மேலே வருகிறது. மூடிக்கு மேல் குனிந்திருப்பது உங்கள் முகம்.

துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அந்தத் துணி கொதிநீரை உறிஞ்சிக் கையோடு ஒட்டிக்கொள்ளும், வேறு பயன் கிடையாது. எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும் விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்துங்கள். ஆறியிருந்து மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம். கல் மாதிரி விறைத்திருந்தால் இன்னும் நேரமாகவில்லை. ஒருவேளை பட்டுவிட்டால் பேஸ்ட், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே உடனே கிளம்புங்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிடுங்கள். சாவி கையில் இருக்கிறதே, ஃபேன் எப்படிச் சுற்றும் என்று நினைக்காதீர்கள். பல வண்டிகளில் எஞ்சின் அணைந்த பிறகும் சூட்டைப் பார்த்து ஃபேன் தானாகச் சுற்றும், விரல் அதற்குத் தெரியாது. வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் கெட்டியான சமதரை, சக்கரத்துக்கு முட்டு, ஜாக்கி ஸ்டாண்டு மூன்றும் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கிறவர் தன் உயிரை ஒரு ரப்பர் சீலின் மேல் வைத்திருக்கிறார்.

கூலன்ட்டை அகலமான பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும். வடிகால் திருகு பெரும்பாலும் பிளாஸ்டிக், வேகம் காட்டினால் உடையும். பிடித்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது பெரிய தவறு. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், சின்னக் குழந்தையும் வாயில் வைக்கும். உடம்புக்குள் போய் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகமாக இறங்கும். முதல் சில மணி நேரம் லேசான போதை மாதிரிதான் தெரியும், அதனால்தான் ஆபத்து. குடித்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முறிவு மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் வேலை செய்யும். தரையில் சிந்தியதையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய கூலன்ட்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, கூலன்ட் என்று எழுதி, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ செடிக்கோ ஊற்ற வேண்டாம்.

பழைய ஹோஸ் ரேடியேட்டர் கழுத்தோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். இழுக்காதீர்கள், முறுக்கி விடுவியுங்கள். வரவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறிவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். எஞ்சின் பக்கத்துக் கழுத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, அதை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பத்து ரூபாய் வேலைக்காக ஆயிரம் ரூபாய்ச் சாமானை உடைக்கிற கதைதான்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ரேடியேட்டருக்கு இன்னும் இரண்டு இரும்புக் குழாய்கள் வரலாம். கியர்பாக்ஸ் ஆயில் அங்கே வந்து குளிர்ந்து திரும்பும். நட்டைத் திருகும்போது ரேடியேட்டர் பக்கத்து ஃபிட்டிங்கை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஒழுகிய ஆயிலைத் திரும்ப நிரப்ப மறக்காதீர்கள். பழைய ரேடியேட்டரில் இருந்து வந்த கூலன்ட் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டன. கியர்பாக்ஸையும் பார்க்காமல் புது ரேடியேட்டர் மட்டும் போட்டு ஓட்டினால் கியர்பாக்ஸ் போகும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சரின் குழாய்களைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு, கையில் பட்டால் தோல் உறைந்துபோகும். கண்டன்சரை மட்டும் ரேடியேட்டரில் இருந்து பிரித்துக் கயிற்றால் கட்டி நிறுத்துங்கள், குழாயில் தொங்கவிடாதீர்கள்.

பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிடுங்கள். கீழே உட்காரும் ரப்பர் புஷ் பழைய ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், தேடி எடுத்துப் போடுங்கள். அது இல்லாமல் உட்கார்ந்த ரேடியேட்டர் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். கிளாம்ப் கழுத்தின் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும்.

கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பவர் கலக்கும் சாயம், நிறத்துக்குப் பொதுவிதி கிடையாது. வண்டியின் கையேடு எந்த ரகத்தைச் சொல்கிறதோ அதுதான். பொருந்தாத இரண்டு ரகங்கள் கலந்தால் சேறு மாதிரி திரளக்கூடும், அது போய் உட்காருமிடம் உங்கள் புது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள். அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் இருக்கும், சூட்டில் அது உப்பாகப் படியும். தனித் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுகிறவர்கள் துருவைத் தாங்களே விதைக்கிறார்கள்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நிரப்பும்போது எஞ்சின் தலைப் பகுதியிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று சிக்கிக்கொள்ளும். இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். காற்று இருக்கும் இடத்தில் கூலன்ட் இல்லை, கூலன்ட் இல்லாத இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துப் போக ஆளில்லை. அலுமினிய ஹெட் அந்த இடத்தில் வளையும். இதில் ஒரு துரோகம் உண்டு. டேஷ்போர்டு முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்க வேண்டும். அது காற்றில் தொங்கினால் உண்மையான சூட்டைச் சொல்லாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழேயே படுத்திருக்கும். ஒரு பையன், நல்ல கைவேலைக்காரன், இப்படித்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டி ஹெட்டை வளைத்துக்கொண்டு வந்தான். "முள்ளு பாதிகூடப் போகலைண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை என்ன குறை சொல்ல!

அதனால் அவசரப்படாதீர்கள். முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் தளர்த்தி, கூலன்ட் குமிழியில்லாமல் வரும்வரை மெதுவாக ஊற்றி இறுக்குங்கள். திருகு எங்கே, மூடியைப் போட்டா திறந்தா ஓடவிட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். பிறகு எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அப்போது அளவு சட்டென்று இறங்கும், திறந்திருந்தால் நிரப்பலாம். மூடி போட்டிருந்தால், சூடான பிறகு அதைக் கழற்றவே கூடாது. கீழ் ஹோஸும் சூடாகி, உள்ளே ஹீட்டர் காற்று சூடாக வந்து, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நின்றால் நல்ல அறிகுறி. ஹீட்டர் காற்று குளிர்ச்சியாகவே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

இந்த அரை மணி நேரம் வண்டி ஓடுவது திறந்தவெளியில் இருக்கட்டும். கதவை மூடிய ஷெட்டில் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் கிடையாது. தலைவலியும் மயக்கமும் வந்துதான் தெரியும், அதற்குள் எழுந்து வெளியே போகும் தெம்பு போயிருக்கும்.

எத்தனை லிட்டர் உள்ளே போயிற்று என்று கணக்குப் பாருங்கள். பழைய ரேடியேட்டரைக் கழற்றும் முன் நான்கு லிட்டர் வடித்திருந்து, இப்போது இரண்டரைதான் பிடித்தது என்றால், மீதி இடத்தில் இருப்பது காற்று. வடிப்பதற்கு முன்பே வண்டி ஒழுகியிருந்தால் வடித்ததைவிட அதிகமாகவே உள்ளே போக வேண்டும்.

முதல் நாள் வீட்டைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள். மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு, நிரப்புங்கள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இறங்கினால் காற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஹோஸ் முனைகளைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால்காபி நிறத்தில் நுரை இருந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பட்டறைக்கு ஓட்டி வர வேண்டாம், இழுத்து வாருங்கள்.