புரொட்டஸ்ட் சாங்: எதிர்ப்புப் பாட்டு

அநியாயத்தைத் தட்டிக்கேட்டு யார் பாடினாலும் சரி, மறுநாள் செய்தியில் அதற்கு ‘விழிப்புணர்வுப் பாடல்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ‘புரொட்டஸ்ட் சாங்’ என்பதற்கு இதுதான் தமிழ் என்றே பலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். இது தவறான பெயர். எதிர்ப்புப் பாட்டு என்ற நேரான சொல் இருக்க, இந்தச் சுற்றுவழி எதற்கு?

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘புரோ’ என்றால் முன்னே, ‘டெஸ்டாரி’ என்றால் சாட்சி சொல்வது. பலரறிய நின்று சொல்வது என்பதுதான் ஆதிப் பொருள். 1529இல் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் கூடிய மன்றத்தில், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூத்தர் பக்கம் நின்ற சிற்றரசர்கள் எதிர்ப்பறிக்கை கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மறுத்து நிற்பது என்ற பொருள் அப்புறம் வலுத்தது. அமெரிக்காவிலிருந்து 1960களில் பாட்டோடு சேர்ந்து இந்தச் சொல் உலகமெங்கும் பரவியது.

இனி விழிப்புணர்வுக்கு வருவோம். தலைக்கவசம் போடுங்கள், தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள், தவறாமல் வாக்களியுங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போடுவது விழிப்புணர்வுப் பாடல். அதுவும் தேவைதான். அங்கே குறை கேட்பவரிடம் இருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, தெரிந்தால் திருந்துவார் என்பது கணக்கு. எதிர்ப்புப் பாட்டிலோ கேட்பவர்மேல் குற்றமே இல்லை. குற்றம் செய்தவர் வேறெங்கோ இருக்கிறார், பாட்டு அவரைப் பார்த்து விரல் நீட்டுகிறது.

கோவன் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் கலை இலக்கியக் கழகத்தைச் சேர்ந்த அவர், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும் அன்றைய முதலமைச்சரைச் சாடியும் பாடினார். 2015 அக்டோபர் இறுதியில் திருச்சியில் அவரைக் கைது செய்தார்கள். போட்ட பிரிவுகளில் ஒன்று 124ஏ, அதாவது தேசத்துரோகம். ‘மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு’ என்று அரசாங்கமும்தான் எழுதிவைத்தது. அந்த வாசகம் குடிப்பவனைப் பார்த்து நிறுத்து என்கிறது. கோவன் பாட்டு விற்பவரைப் பார்த்து மூடு என்றது. முன்னது விழிப்புணர்வு, பின்னது எதிர்ப்பு. விழிப்புணர்வுப் பாடல் பாடியதற்காக யார்மேலாவது தேசத்துரோக வழக்குப் போடுவார்களா? இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால், அவர் ஏன் சிறைக்குப் போனார் என்பதே வாசகருக்குப் புரியாது.

கொடைக்கானல் பாதரசக் கழிவு பற்றி சோஃபியா அஷ்ரஃப் 2015இல் பாடிய ராப் பாட்டுக்கும் இதே கதிதான். அதைச் ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வுப் பாடல்’ என்றால், பாதரசம் ஆபத்து என்று தொழிலாளிகளுக்குப் பாடம் நடத்திய பாட்டு போல ஆகிவிடுகிறது. அவர் பெயர் சொல்லி அழைத்தது யூனிலீவர் நிறுவனத்தை. வெப்பமானித் தொழிற்சாலையை 2001இல் மூடினீர்களே, கொட்டிய கழிவை அள்ளுங்கள், வேலை செய்து உடல் கெட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்பதுதான் பாட்டின் சாரம். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால் மட்டும் இது நடக்கவில்லை; ஏறக்குறைய 15 ஆண்டுகள் அந்தத் தொழிலாளர்கள் விடாமல் போராடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு யாரிடம் எதைக் கேட்டது என்பதில் குழப்பமே கிடையாது.

‘எதிர்ப்பும் விழிப்புணர்வைத்தானே தருகிறது’ என்று வாதிடுவார்கள். தரட்டும். அது பாட்டின் பயன். பாட்டின் வகைக்குப் பயனைப் பெயராக வைப்பது முறையா? தனித்தமிழ்ச் சொல்தானே என்றும் சொல்வார்கள். எனக்கும் தனித்தமிழ்மேல் பற்று உண்டு, ஆனால் பொருளை மறைக்கிற சொல் எவ்வளவு தூயதாக இருந்தாலும் வேண்டாம். செய்தி அறைகளுக்கு இந்தச் சொல் ஏன் பிடிக்கிறது என்பதும் தெரிந்ததுதான். எதிர்ப்பு என்று எழுதினால் ‘யாரை எதிர்த்து?’ என்ற கேள்வி உடனே வரும், பதில் எழுதியாக வேண்டும். விழிப்புணர்வு என்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மொழிபெயர்ப்பாளர்களாவது இதற்குத் துணைபோகாமல் இருக்க வேண்டாமா? படங்களுக்குத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) எழுதுகிறவர்கள் பலர் இப்போது ஊடகம் எதை எழுதுகிறதோ அதையே அகராதியாக வைத்துக்கொள்கிறார்கள்.

‘புரட்சிப் பாடல்’ என்பதும் பொருந்தாது. புரட்சி என்பது அடியோடு புரட்டிப்போடுவது. 1939இல் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டில் புரட்சிக்கு அழைப்பே இல்லை. ஏபெல் மீரோபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் எழுதியது அது. வெள்ளையர் கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பின மக்களின் உடல்களை, மரத்தில் காய்த்த பழம் என்று காட்டுகிறது. அவ்வளவுதான். பலரறியச் சாட்சி சொல்லும் அந்த இலத்தீன் வேருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியாது.

‘போராட்டப் பாடல்’ நல்ல சொல், ஆனால் அதன் இடம் வேறு. களத்தில் நிற்கிறவர்கள் தெம்புக்காகச் சேர்ந்து பாடுவது அது. ‘வீ ஷல் ஓவர்கம்’ அந்த வகை. 1940களில் சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் பாடி, பின்னர் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமெங்கும் ஒலித்தது. ஒரே பாட்டு இரண்டு வகையிலும் வரலாம், தவறில்லை.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘எதிர்ப்பாட்டு’ ஆக்கிவிடக் கூடாது. அது ஒருவர் பாடியதற்கு மற்றவர் பதிலாகப் பாடுவது. பாடுகிறவரை ‘எதிர்ப்புப் பாடகர்’ என்றால் பாடகருக்கே எதிர்ப்பு போல ஒலிக்கிறது. எதிர்ப்புப் பாட்டுக்காரர் என்று எழுதலாம். பாட்டுக்காரர் ஊரெல்லாம் புழங்குகிற சொல்தான்.