கஞ்சா ஊதாவாக இருந்தால் லேசானதா?

ஜனவரி மாதம், இரவு இரண்டு மணி. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் பக்கம் அறை எடுத்திருந்த மூன்று பையன்கள் நான்காமவனைப் போர்வையோடு டாக்டரான என்னிடம் தூக்கி வந்தார்கள். வயது 21. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140. "நெஞ்சு வெடிக்குது சார், செத்துடுவேன்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சில்லை. என்ன எடுத்தான் என்று கேட்டால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் போனை நீட்டினான். படத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கஞ்சா மொட்டு. "ஸ்ட்ராங்கான ஐட்டம் இல்ல சார், ஃப்ரூட் வெரைட்டி. திராட்சை வாசனை அடிக்கும். லேசானதுதான்னு சொல்லித்தான் கொடுத்தாங்க."

இந்த 'லேசானது' என்ற சொல்லைக் கொடைக்கானலில் பலமுறை கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊதா நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழம், கத்தரிக்காய்த் தோல், சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் இருப்பது அதே வகைதான். (பீட்ரூட்டை இதில் சேர்க்காதீர்கள், அதன் நிறமி வேறு.) முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா போட்டால் நீலமாகும். குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம். சில கஞ்சா ரகங்களுக்கு இந்த நிறமி பிறவியிலேயே உண்டு. பூக்கும் பருவத்தில் இரவுக் குளிர் கூடி, பச்சையம் குறையும்போது ஊதா வெளியே தெரிகிறது. பிறவியில் இல்லாத செடியை மன்னவனூர்ப் பனியிலேயே நிறுத்தினாலும் அந்த நிறம் வராது.

தலைக்கு ஏறும் பொருள் வேறு. டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல் இஸ்ரேலில் இதைப் பிரித்தெடுத்தார்கள். பூவின் மேல் உள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகளில் இது ஊறுகிறது. ஊதா நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாசனையும் அப்படித்தான். மாம்பழத்தில் உள்ள மிர்சீன், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் போன்ற மணப்பொருள்கள் கஞ்சாவிலும் உண்டு. பழ வாசனை அடிக்கிறது என்பதற்காக அது பழமாகிவிடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், திராட்சை வாசனை ஊதா ரகங்களில் உலகப் பெயர் எடுத்த கலிபோர்னியாவின் 'கிராண்ட்டாடி பர்ப்பிள்', அங்கே ஆளைப் படுக்கையில் தள்ளும் கனமான ரகம் என்றே விற்கப்படுகிறது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4 சதவீதம் இருந்த டிஎச்சி, 2014இல் 12 சதவீதத்தைத் தொட்டது. 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளதைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019இல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்று சொன்னது. இங்கே கைமாறும் பொட்டலத்தில் எத்தனை சதவீதம் என்று யார் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? பெயர்கூட விற்பவன் வாயில் வந்ததுதான்.

இன்னொருவன் கதை. வாந்தி, வயிற்றுவலி என்று ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தான். அல்சர் என்றே நினைத்து மருந்து கொடுத்தேன், என் தப்புதான். துப்புக் கொடுத்தது அவனைக் கூட்டி வந்த லாட்ஜ் பையன். "டாக்டரய்யா, இவரு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஹீட்டரைப் போட்டுக் குளிக்கிறாரு." கொடைக்கானலில் வெந்நீர் கேட்காதவர் யார்? அதனால் எனக்கே உறைக்கவில்லை. நாள்பட்ட கஞ்சாப் பழக்கத்தில் ஓயாத வாந்தி வரும், சுடுநீர் பட்டால் மட்டும் சற்று அடங்கும். இதை 2004இல் விவரித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி மருத்துவர்கள். அதுவும் மலைதான்! கஞ்சாவை அடியோடு நிறுத்துவதுதான் நிலையான வைத்தியம்.

அப்புறம், மேல்மலை விவசாயி ஒருவர். மனைவிக்குச் சர்க்கரை பார்க்க வந்தவர், வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "வெளியூர்க்காரர் ஒருத்தர் விதை தர்றாராம். நம்ம குளிருக்குக் கலர் தானா வருமாம். பூண்டுக்கு நடுவுல நாலு செடி வச்சா என்ன சாமி?" பூண்டு விலை விழுந்திருந்த நேரம் அது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "அண்ணே, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 20. கஞ்சா பயிரிட்டாலே பத்து வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நாலு செடியா நாற்பதான்னு கணக்கு இல்ல. விதை கொடுத்தவர் வந்து நிக்க மாட்டார்" என்றேன். ஊதாவுக்கென்று தனிச் சலுகையும் சட்டத்தில் கிடையாது. அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தெரிந்தே இடம் கொடுத்தால் பிரிவு 25 உங்கள் மேல்தான் பாயும்.

போலீஸ் பயத்தில் நேரம் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. அடிமைப்பட்ட ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தர பிரிவு 64ஏ இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

அந்த 21 வயதுப் பையனுக்குப் போதையை முறிக்கும் மருந்து என்று ஒன்றும் இல்லை. ஈசிஜி எடுத்தேன், விளக்கைக் குறைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது தம்பி" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் நண்பர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அவன் நடுங்கியதைப் பார்த்து, என்னிடம் வருவதற்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு மூட்டி வைத்திருந்தார்களாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நடுக்கம் வந்தது. மூடிய அறையில் கரிப்புகை கிளப்பும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். போர்வை போதும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஒருவர் விழித்திருங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் என்ன எடுத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.